கண் அழுத்த நோய்க்கு வழி கண்ட எழும்பூர் டாக்டர் எலியட்

திருப்பதிக்குப் பக்கத்தில் உள்ள காளஹஸ்தி கண்ணப்பரின் தலம். கண்ணின் அருமையை இந்த வட்டாரத்தாருக்கு யாரும் புதிதாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வலி இல்லாமல், சிவப்பு இல்லாமல், நீர் வடியாமல், ஓசைப்படாமல் பார்வையைத் தின்னும் நோய் ஒன்று உண்டு. அதன் பெயர் கிளாக்கோமா. தமிழில் கண் அழுத்த நோய் என்று சொல்கிறோம். போன பார்வை திரும்பி வராது என்பதுதான் இந்த நோயில் உள்ள பெரிய கொடுமை.

இந்த நோய்க்கு உலகம் முழுதும் அரை நூற்றாண்டுக்கு மேல் செய்யப்பட்டு வந்த ஓர் ஆபரேஷன், சென்னை எழும்பூர் கண் ஆஸ்பத்திரியில் உருவானது. ஆண்டு 1909. செய்தவர் டாக்டர் ராபர்ட் ஹென்றி எலியட். பெசன்ட் நகர் கடற்கரைக்கு எலியட்ஸ் பீச் என்று பெயர் இருக்கிறதே, அது இவரால் வந்த பெயர் அல்ல. அந்த எலியட் இவருக்கு முந்திய காலத்தவர். மாஜிஸ்டிரேட்டாகவும் போலீஸ் அதிகாரியாகவும் இருந்தவர். நம் எலியட் கண் டாக்டர். அவர் பெயரால் எழும்பூரில் கண் மருத்துவப் பள்ளி ஒன்று ஏற்பட்டது.

எலியட் எழும்பூரில் இருந்த நாளில் சித்தூரும் திருப்பதியும் சென்னை ராஜதானியைச் சேர்ந்தவை. வட ஆற்காடு ஜில்லாவின் தலைநகரமாகவே சித்தூர் இருந்தது. 1911 ஏப்ரல் முதல் தேதிதான் சித்தூர் தனி ஜில்லா ஆயிற்று. கண்ணில் கோளாறு என்றால் ரேணிகுண்டா வழியாகவோ காட்பாடி வழியாகவோ ரயில் ஏறிச் சென்னைக்குப் போகிற பழக்கம் மாநில எல்லை பிறப்பதற்கு முன்பே உண்டானது. ஆகவே இது வேறு ஊர்க் கதை அல்ல.

பாம்பு விஷத்தில் தொடங்கியவர்

எலியட் 1864ஆம் ஆண்டு பிறந்தார். இங்கிலாந்தில் பெட்போர்டு பள்ளியில் படித்தார். லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ ஆஸ்பத்திரியில் மருத்துவம் பயின்றார். பிறகு இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். ஐ.எம்.எஸ். என்று சொல்லப்பட்ட அந்தப் பணியில் இருந்தவர்களுக்கு ராணுவப் பதவியும் உண்டு. அதனால்தான் புத்தகங்களில் அவர் பெயருக்கு முன்னால் லெப்டினன்ட் கர்னல் என்று காணப்படுகிறது.

ஆரம்பத்தில் அவருடைய ஆராய்ச்சி கண்ணைப் பற்றியது அல்ல. பாம்பு விஷம்தான் அவருடைய விஷயம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கடல் பாம்பு ஆகியவற்றின் விஷம் உடம்பில் என்ன செய்கிறது என்று சோதனைகள் நடத்தினார். எடின்பரோவில் இருந்த பேராசிரியர் தாமஸ் பிரேசருடன் சேர்ந்து கடல் பாம்பு விஷத்தைப் பற்றி எழுதினார். ஒரு விஷயத்தை ஊரார் என்ன சொல்கிறார்கள் என்று கேட்பதோடு நிற்காமல், தானே சோதித்து, கணக்கெழுதி, பிறகே நம்புவது என்ற பழக்கம் அப்போதே அவருக்கு வந்துவிட்டது. கடைசி வரை அந்தப் பழக்கம் அவரை விடவில்லை.

1904ஆம் ஆண்டு எழும்பூர் அரசாங்கக் கண் ஆஸ்பத்திரியின் சூப்பரின்டென்டென்ட் ஆனார். சென்னை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவப் பேராசிரியர் பதவியும் சேர்ந்து வந்தது. அப்போது அவருக்கு வயது நாற்பது.

அந்த ஆஸ்பத்திரி ஏற்கெனவே பெயர் பெற்றது. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில், 1819இல், டாக்டர் ராபர்ட் ரிச்சர்ட்சன் என்பவரைக் கொண்டு தொடங்கப்பட்டது. லண்டன் மூர்பீல்ட்ஸ் கண் ஆஸ்பத்திரிக்கு அடுத்தபடியாக, உலகிலேயே மிகப் பழமையான கண் ஆஸ்பத்திரிகளில் ஒன்று. முதலில் ராயப்பேட்டையில் இருந்து, 1884இல் எழும்பூருக்கு வந்தது. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் பேசும் ஜில்லாக்கள் அத்தனையிலிருந்தும் நோயாளிகள் அங்கே வந்து குவிந்தார்கள். வேறு நாட்டு டாக்டர் ஒருவர் ஆயுள் முழுதும் பார்க்காத எண்ணிக்கையில் கண்களை எழும்பூர் டாக்டர் சில ஆண்டுகளில் பார்த்துவிடுவார்.

நோய் என்ன செய்கிறது?

எலியட் செய்த வேலை புரிய வேண்டுமானால் இந்த நோயைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கண்ணுக்குள் முன்பகுதியில் தெளிந்த நீர் ஒன்று ஊறிக்கொண்டே இருக்கிறது. வெளியே வடியும் கண்ணீர் வேறு, இது வேறு. ஊறிய நீர், கருவிழியும் ஐரிஸ் என்னும் திரையும் சேரும் மூலையில் உள்ள சல்லடை போன்ற வழியாக வடிந்து ரத்தத்தில் கலக்கிறது. ஊறுவதும் வடிவதும் சமமாக இருந்தால் கண்ணின் அழுத்தம் சரியாக இருக்கும். பாதரசக் கணக்கில் 10 முதல் 21 மில்லிமீட்டர் வரை இருப்பது சாதாரணம். வடிகால் அடைத்துக்கொண்டால் நீர் தேங்குகிறது. அழுத்தம் ஏறுகிறது. கண்ணுக்குப் பின்னால் மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பு நசுங்குகிறது. அந்த நரம்பில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இழைகள் இருக்கின்றன. செத்த இழை மறுபடியும் முளைப்பதில்லை.

இதில் இரண்டு வகை முக்கியம். முதல் வகை திடீரென்று தாக்குவது. கண் சிவந்து, தலை பிளந்து, வாந்தி எடுக்கும். விளக்கைச் சுற்றி வானவில் போல வட்டம் தெரியும். பித்தம் என்றும் ஒற்றைத் தலைவலி என்றும் நினைத்துச் சுக்குக் கஷாயத்தோடு இருந்துவிடுவோரும் உண்டு. சில நாளில் கண்ணே போய்விடும். இரண்டாவது வகை மெதுவாக வருவது. எந்த வேதனையும் இராது. பார்வையின் ஓரம் முதலில் மங்கும். நடுப்பார்வை கடைசி வரை தெளிவாகவே இருக்கும். பஞ்சாங்கத்தின் பொடி எழுத்தைப் படிக்கிற மனிதர், பக்கத்தில் வரும் சைக்கிளை இடித்துக்கொள்வார். வாசற்படியில் தடுக்குவார். வயதாகிவிட்டது என்று வீட்டார் நினைப்பார்கள்.

கண்ணாடி மாற்றினால் தீருமா?

நம்மவர்களில் பலர் பார்வை மங்கினால் முதலில் போவது கண்ணாடிக் கடைக்கு. ஆகையால் மூக்குக் கண்ணாடிக்கும் இந்த நோய்க்கும் உள்ள சம்பந்தத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

கண்ணாடி போட வேண்டி வருவது பெரும்பாலும் கண் உருண்டையின் அளவினால். உருண்டை நீண்டிருந்தால் கிட்டப்பார்வை. பக்கத்தில் உள்ளது தெரியும், தூரத்தில் உள்ளது தெரியாது. உருண்டை குட்டையாக இருந்தால் தூரப்பார்வை. நாற்பது வயதுக்கு மேல் எழுத்து தெரியாமல் போவது வெள்ளெழுத்து. தெலுங்கில் அதைச் சத்வாரம் என்கிறார்கள். இவை நோய் அல்ல. தக்க கண்ணாடி போட்டால் சரியாகிவிடும்.

ஆனால் இவற்றுக்கும் கிளாக்கோமாவுக்கும் உறவு உண்டு. தூரப்பார்வை உள்ள குட்டைக் கண்ணில் முன் அறை ஆழம் குறைவு. வடிகால் மூலை குறுகலாக இருக்கும். திடீரென்று அடைத்துக்கொள்ளும் முதல் வகை அத்தகைய கண்ணுக்கு வருவது அதிகம். கிட்டப்பார்வை மிகுந்த நீண்ட கண்ணுக்கோ மெதுவாக வரும் இரண்டாம் வகையின் அபாயம் அதிகம். ஆகவே தடித்த கண்ணாடி போடுகிறவர்கள், எந்தப் பக்கத்துத் தடிப்பாக இருந்தாலும், கண் அழுத்தத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

கிளாக்கோமாவினால் போன பார்வையை எந்தக் கண்ணாடியும் கொண்டு வராது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை கண்ணாடி மாற்றியும் திருப்தி இல்லை என்றால், குறை கண்ணாடியில் இல்லாமல் நரம்பில் இருக்கக்கூடும். கண்ணாடியாக மாற்றிக் காலத்தைக் கழித்துவிட்டு, கடைசியில் டாக்டரிடம் போகிறவர்களுக்கு டாக்டர் என்ன செய்ய முடியும்? மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம், அவ்வளவுதான்.

எலியட்டுக்கு முன்னால்

திடீரென்று வரும் வகைக்கு வைத்தியம் முன்பே கிடைத்துவிட்டது. ஜெர்மனியில் ஆல்பிரெக்ட் வான் கிரேபே என்ற மேதை 1857இல், ஐரிஸ் திரையில் ஒரு துண்டை வெட்டி எடுத்தால் அழுத்தம் தணிகிறது என்று காட்டினார். அதுவரை குருட்டுத்தனம் நிச்சயம் என்று கைவிடப்பட்ட கண்கள் பிழைத்தன. கிரேபே 42 வயதிலேயே, 1870இல், காலமானார்.

ஆனால் மெதுவாக வரும் இரண்டாம் வகைக்குக் கிரேபேயின் ஆபரேஷன் அவ்வளவாகப் பயன்படவில்லை. அங்கே சல்லடையே கெட்டுப் போயிருக்கிறது. நீர் வெளியேற வேறு வழி செய்ய வேண்டும். கண்ணின் சுவரில் துவாரம் போடலாம் என்றால், உடம்பு சும்மா இருப்பதில்லை. எந்தக் காயத்தையும் ஆற்றி மூடிவிடுவது உடம்பின் சுபாவம். துவாரம் மூடிக்கொண்டால் ஆபரேஷன் வீண். பிரான்சில் லாக்ராஞ்சு என்பவரும் நார்வேயில் ஹோல்த் என்பவரும் 1906 வாக்கில் ஆளுக்கு ஒரு முறையைச் சொன்னார்கள்.

சொட்டு மருந்தும் அப்போது இருந்தது. பைலோகார்பின், எசரின் என்ற மருந்துகள் 1870களிலிருந்தே வழக்கத்தில் இருந்தன. அவை தினமும் போட வேண்டியவை, ஆயுள் முழுதும் போட வேண்டியவை. சந்திரகிரியிலிருந்தோ புங்கனூரிலிருந்தோ ஒரு விவசாயி ஆடு மாடு விற்றுச் சென்னைக்கு வந்து சேர்வதே கஷ்டம். அவர் ஊருக்குத் திரும்பிய பிறகு அந்தச் சொட்டு மருந்தை எந்தக் கடையில் வாங்குவார்? தீர்ந்த பிறகு எப்படி மறுபடியும் வருவார்? ஒரே தடவை வந்துபோகிற ஏழை நோயாளிக்கு ஒரே தடவையில் முடிகிற வைத்தியம் வேண்டும். எழும்பூரில் இருந்த டாக்டருக்கு எதிரில் நின்ற பிரச்னை இதுதான்.

1909ஆம் ஆண்டு ஆபரேஷன்

டிரெபைன் என்பது சிறு குழாய் போன்ற கருவி. அதன் வாய் விளிம்பு கூர்மையாக இருக்கும். வைத்துத் திருகினால் வட்டமாக ஒரு துண்டு அறுந்து வரும். எலியட் எடுத்துக்கொண்ட கருவியின் வாய் 2 மில்லிமீட்டர் அகலம். ஒரு கொத்துமல்லி விதையைவிடச் சிறியது.

முதலில் கண்ணின் மேல்பக்கத்தில், இமைக்கு அடியில், வெள்ளை விழியைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வைக் கிளப்பி, மடல் போலக் கருவிழியின் ஓரம் வரை இறக்கினார். கருவிழியும் வெள்ளை விழியும் சேரும் எல்லையில் டிரெபைனை வைத்துத் திருகினார். சட்டைப் பொத்தான் போல ஒரு சிறு வட்டம் கழன்று வந்தது. ஐரிஸ் திரை துவாரத்துக்குள் வந்து அடைத்துக்கொள்ளாதபடி அதன் ஓரத்திலும் சிறிது வெட்டினார். பிறகு மடலைத் தூக்கி மேலே போர்த்திவிட்டார். உள்ளே தேங்கிய நீர் துவாரம் வழியாகக் கசிந்து மடலுக்கு அடியில் பரவும். அங்கிருந்து ரத்தக் குழாய்கள் அதை உறிஞ்சிக்கொள்ளும். துவாரம் வெளியே தெரியாது. மேல் இமை அதை மூடியிருக்கும்.

துவாரத்தை எந்த இடத்தில் வைப்பது என்பதில்தான் அவருடைய கவனம் இருந்தது. கொஞ்சம் பின்னால் போனால் உள்ளே இருக்கும் மற்ற உறுப்புகள் வந்து அடைக்கும். அதனால் அவர் கருவிழி ஓரத்தையே பிளந்து எவ்வளவு முன்னால் போக முடியுமோ அவ்வளவு முன்னால் போனார்.

1909ஆம் ஆண்டின் கடைசியில் இதைப் பற்றிய முதல் கட்டுரை இங்கிலாந்துப் பத்திரிகையில் வெளிவந்தது. டிரெபைனைக் கண்ணில் பயன்படுத்தியவர் இவர் ஒருவரே என்று சொல்ல முடியாது. எடின்பரோவில் ஆர்கைல் ராபர்ட்சன் 1876லேயே முயன்று பார்த்தார். கிளாஸ்கோவில் பிரீலாண்ட் பெர்கஸ் என்பவர் 1909லேயே டிரெபைன் கொண்டு ஒரு முறையைச் சொன்னார். யார் முந்தி என்ற பேச்சும் எழுந்தது. ஆனாலும் நூற்றுக்கணக்கான கண்களில் செய்து, பலனைக் கணக்கெடுத்து, எந்த இடத்தில் எப்படிச் செய்தால் நிலைக்கும் என்று ஒழுங்குபடுத்தியவர் எலியட். அதனால் அந்த ஆபரேஷன் எலியட் ஆபரேஷன் என்றே வழங்கலாயிற்று. 1913இல் அவர் அதற்கென்றே ஒரு புத்தகம் எழுதினார்.

கண் அழுத்தத்தை விரலால் தடவிப் பார்த்துச் சொல்வதே அதற்கு முன் பெருவழக்கம். நார்வே டாக்டர் ஷியோட்ஸ் செய்த அளவுக் கருவி 1905இல்தான் வந்தது. ஆபரேஷனுக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று எண்ணால் சொல்ல முடிந்த காலத்தில் எலியட் வேலை செய்தது அவருக்கு வாய்ப்பாயிற்று.

குறைகளும் உண்டு

எந்த ஆபரேஷனும் குறை இல்லாதது அல்ல. மடலுக்கு அடியில் நீர் தேங்கும் இடம் நாளடைவில் மெலிந்து கொப்புளம் போல ஆகும். அதன் வழியாகக் கிருமி உள்ளே போனால், ஆபரேஷன் ஆகி மாதங்கள் கழித்துக்கூடக் கண் சீழ்ப்பிடித்துக் கெடும். நீர் அளவுக்கு மேல் வடிந்துவிட்டால் கண் தளர்ந்து பார்வை மங்கும். சிலருக்குப் பின்னால் கண்புரை வந்தது. இந்த ஆபத்துகளை எலியட் மறைக்கவில்லை. காலந்தாழ்ந்து வரும் கிருமித் தொல்லையைப் பற்றி அவரே எழுதினார்.

ஆபரேஷனுக்குப் பிறகு பழைய கண்ணாடி ஒத்துவராமல் போவதும் உண்டு. கருவிழியின் ஓரத்தில் கை வைத்தால் அதன் வளைவு மாறுகிறது. வளைவு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லாவிட்டால் எழுத்து இழுபட்டுத் தெரியும். அஸ்டிக்மாடிசம் என்கிறார்கள். அழுத்தம் இறங்குவதாலும் கண்ணின் பவர் சிறிது மாறும். ஆபரேஷன் கெட்டுப்போயிற்று என்று நோயாளி பயந்துவிடுவார். சில வாரங்கள் பொறுத்து, கண் நிலைப்பட்ட பிறகு மறுபடியும் சோதித்துப் புதுக் கண்ணாடி எழுதி வாங்க வேண்டும். அவசரப்பட்டு மறு வாரமே கண்ணாடி வாங்கினால் பணம்தான் வீண். இன்றைய ஆபரேஷன்களுக்கும் இது பொருந்தும்.

ஊர் சுற்றிய வைத்தியர்கள்

எழும்பூருக்கு வந்தவர்களில் இன்னொரு கூட்டமும் இருந்தது. கண்புரைக்கு நாட்டு வைத்தியரிடம் காட்டிக் கெடுத்துக்கொண்டவர்கள் அவர்கள்.

அந்த நாளில் ஊர் ஊராகச் சுற்றும் கண் வைத்தியர்கள் இருந்தார்கள். கூரிய கருவியைக் கண்ணுக்குள் நுழைத்து, வெளுத்துப்போன லென்ஸைப் பின்னால் தள்ளிவிடுவார்கள். திரை விலகியதும் எதிரில் இருப்பவர் முகம் தெரியும். வீட்டார் ஆனந்தப்பட்டுப் பணம் கொடுப்பார்கள். கட்டுக் கட்டிவிட்டு, கட்டைப் பிரிக்கும் நாளுக்குள் வைத்தியர் அடுத்த ஊருக்குப் போயிருப்பார். சுசுருதர் காலத்திலிருந்து வந்த பழைய முறைதான் இது. ஆனால் சுத்தம் இல்லாத கருவியும் பயிற்சி இல்லாத கையும் சேர்ந்தபோது பல கண்கள் சீழ்ப்பிடித்தன. உள்ளே தள்ளப்பட்ட லென்ஸ் வடிகாலைக் கெடுத்து, கிளாக்கோமா உண்டாகிக் கண் போனவர்களும் உண்டு.

பிழைத்த கண்ணுக்கும் லென்ஸ் இல்லாததால் பார்வை மங்கலாகவே இருக்கும். சுமார் பத்து பவர் தடித்த கண்ணாடி போட்டால்தான் ஓரளவு தெரியும். அதைக் கொடுப்பார் யார்?

எலியட் இந்த வைத்தியர்களைத் திட்டிவிட்டு விட்டுவிடவில்லை. அவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று விசாரித்தார். கெட்டுப்போய் எடுக்கப்பட்ட கண்களைச் சேகரித்து, அறுத்து, உள்ளே லென்ஸ் எங்கே கிடக்கிறது, என்ன நேர்ந்தது என்று ஒவ்வொன்றாகக் குறித்தார். 1917இல் லண்டன் ராயல் சர்ஜன்ஸ் காலேஜில் இதைப் பற்றி ஹன்டர் நினைவுச் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். அவை அதே ஆண்டு புத்தகமாயின.

ஜனங்கள் ஏன் அந்த வைத்தியரிடம் போனார்கள் என்பதையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரி தூரத்தில் இருந்தது. கத்தியைக் கண்டால் பயம். வைத்தியர் வாசலுக்கே வந்தார், நம் பாஷையில் பேசினார். ஆஸ்பத்திரி ஊருக்கு அருகில் வரும் வரை வைத்தியருக்குப் பஞ்சம் இல்லை.

லண்டனில் கடைசிக் காலம்

சுமார் பத்து ஆண்டுகள் எழும்பூரில் பணியாற்றிய பிறகு எலியட் தாய்நாடு திரும்பினார். 1918இல் கிளாக்கோமாவைப் பற்றிய பெரிய நூலையும், 1920இல் வெப்ப நாடுகளின் கண் நோய்களைப் பற்றிய நூலையும் வெளியிட்டார். லண்டனில் வெப்ப நாட்டு மருத்துவப் பள்ளியில் பாடம் நடத்தினார். பார்வையின் ஓரம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளக்க அவர் அமைத்த கருவிக்கும் எலியட் பெயரே வந்தது. எழும்பூரில் சேர்ந்த அனுபவம் இவ்வாறு உலகத்துக்குப் போயிற்று.

அவருக்கு மாயவித்தைகளில் ஆசை உண்டு. லண்டன் மந்திரவாதிகள் சங்கத்தில் அவர் முக்கியஸ்தர். இந்தியாவில் கயிற்றை ஆகாயத்தில் எறிந்தால் நிற்கும், பையன் அதில் ஏறி மறைவான் என்ற கதை ஐரோப்பாவில் அப்போது பிரபலம். அதைக் கண்ணால் கண்டவர் யார் என்று விசாரிக்க 1934இல் கூட்டம் போட்டார்கள். எலியட்தான் விசாரணைக் குழுவின் தலைவர். சென்னைக் கவர்னராக இருந்த ஆம்ப்தில் பிரபுவும் அதில் சம்பந்தப்பட்டார். செய்து காட்டுபவருக்கு 500 கினி பரிசு என்று அறிவித்தார்கள். பரிசு கொடுபடவே இல்லை. அந்த ஆண்டே கிழக்கு நாட்டு மாயங்களைப் பற்றி எலியட் ஒரு புத்தகம் எழுதினார். பாம்பு விஷத்தில் தொடங்கிய சோதிக்கும் புத்தி கயிற்று வித்தை வரை தொடர்ந்தது.

1936 நவம்பரில் அவர் காலமானார். வயது 72.

அவருக்குப் பிறகு

எலியட் ஆபரேஷன் பல பத்தாண்டுகள் நடைமுறையில் இருந்தது. 1968இல் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த டாக்டர் கெய்ர்ன்ஸ் புதிய முறையை வெளியிட்டார். டிரபெக்குலெக்டமி என்று பெயர். துவாரத்தை அப்படியே திறந்து விடாமல், வெள்ளை விழியிலேயே பாதி கனத்தில் ஒரு கதவு வெட்டி, துவாரத்தின் மேல் அந்தக் கதவைத் தைத்துவிடுவது அந்த முறை. நீர் அளவாகக் கசியும், ஆபத்து குறைவு. அதன் பிறகு டிரெபைன் மறைந்தது. ஆனால் கண்ணின் சுவரில் வழி செய்து, மேலே உள்ள சவ்வுக்கு அடியில் நீரை விடுவது என்ற கருத்து அன்று எழும்பூரில் செய்ததுதான். கிரேபே கத்தியால் ஐரிஸில் செய்ததை இன்று லேசர் கதிரால் சில நிமிஷத்தில் செய்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். சொட்டு மருந்துகளும் பலவகை வந்துவிட்டன.

மருந்து வந்துவிட்டது, நோயாளி வர வேண்டுமே! சித்தூருக்கு அடுத்த வேலூரில் எடுத்த ஒரு கணக்கு 1998இல் வெளியாயிற்று. 30 முதல் 60 வயது உள்ளவர்களில், வடிகால் மூலை அடைத்துக்கொள்ளும் வகை மட்டும் நூற்றுக்கு நாலு பேருக்கு மேல் இருப்பதாக அதில் கண்டார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் பின்னால் எடுத்த கணக்குகளில், நோய் இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சோதனைக்கு வரும் வரை அது தெரியாமலே இருந்தார்கள்.

ரயில்வேயிலும் பஸ்ஸிலும் வேலை செய்கிறவர்களுக்குக் கண் பரீட்சை உண்டு. எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படித்துவிட்டால் கண் நன்றாக இருக்கிறது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அந்தப் பலகை நடுப்பார்வையைத்தான் அளக்கிறது. கிளாக்கோமா முற்றும் வரை நடுப்பார்வை கெடாது என்று முன்பே சொன்னோம். ஆகவே பலகையில் தேறியவருக்கும் நோய் இருக்கலாம். அழுத்தத்தை அளந்து, கண்ணுக்குள் விளக்கு அடித்து நரம்பைப் பார்த்தால்தான் தெரியும். அழுத்தம் சரியாக இருந்தும் நரம்பு கெடுகிற வகையும் உண்டு என்பதால் இரண்டும் வேண்டும்.

நாற்பது வயது கடந்தவர்கள் வெள்ளெழுத்துக்கு முதல் கண்ணாடி வாங்கும்போதே இந்தச் சோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளலாம். தாய் தந்தைக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ இந்த நோய் இருந்தால் அதற்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். கண்ணாடி வேண்டாம் என்று லேசர் ஆபரேஷன் செய்துகொண்ட இளைஞர்கள் அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். கருவிழி மெலிந்திருப்பதால் அழுத்தக் கருவி உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். கண் சிவப்புக்குக் கடையில் தானாக வாங்கிப் போடும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தும் இந்த நோயை உண்டாக்கும்.

எலியட் காலத்தில் சித்தூர்க்காரரும் திருப்பதிக்காரரும் இதற்காகச் சென்னை போக வேண்டியிருந்தது. இப்போது திருப்பதியில் ரூயா அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. அலிபிரிப் பக்கம் 2019 முதல் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியும் நடக்கிறது. சித்தூரிலிருந்து வேலூர் ஷெல் கண் ஆஸ்பத்திரி ஒரு மணி நேரப் பயணம். எழும்பூர் ஆஸ்பத்திரியும் இருநூறு ஆண்டு கடந்து நடந்து வருகிறது. ஒரு முறைதான் வர முடியும் என்றிருந்த ஏழைக்காக அன்று எலியட் ஆபரேஷன் தேடினார். இன்று பல முறை போய்வர வசதி இருக்கிறது. அரை நாள் லீவு போட்டு ஒரு முறை போய்ப் பார்த்துக்கொண்டால் போதும்.